உப்பு நிற்கும் இடம்

வினைல் தரை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிற நேரத்தையெல்லாம் டிசைன் பார்ப்பதிலேயே செலவிடுகிறார்கள். தேக்கு நிறமா, வெளிர் சாம்பலா, மார்பிள் மாதிரியா என்று குடும்பமே கூடி முடிவெடுத்து, பில் போடும் நேரத்தில்தான் கடைக்காரர் கேட்பார்: "அடியில ஃபோம் எத்தனை எம்.எம். போடட்டுங்க?" விலையை விசாரித்துவிட்டு, வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட் என்றால் இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. மரக்காணத்தில், உப்பளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், தரைத்தளத்தில் விரிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோமின் தடிமன் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மரக்காணம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். ஊர் நெருங்கும்போதே பாத்தி பாத்தியாக உப்பளம் தொடங்கிவிடும். கரையோரம் உப்பு அம்பாரங்கள், மழைக்குப் பயந்து மேலே கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடியவை. ஆந்திரத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே வரும் பக்கிங்காம் கால்வாய் இந்த ஊரோடு முடிகிறது. பக்கத்திலேயே கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புநீர். இந்த மண்ணில் ஒரு வீட்டுத் தரை என்பது, கீழே இருக்கும் உப்பு ஈரத்துக்கும் மேலே இருக்கும் காற்றுக்கும் நடுவில் நாம் போட்டு வைத்த நான்கு அங்குலக் காங்கிரீட்தான்.

அளத்துக்காரர்களும் ஒரு தரை போடுகிறார்கள், அதுவும் ஆண்டுதோறும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தேங்கிய மழைநீரை வடித்த பிறகு, ஜனவரி வாக்கில் அந்த வேலை தொடங்கும். மழையில் குழைந்த சேற்றை வாரிப்போட்டு, வரப்புகளைக் கட்டி, பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதிப்பார்கள். வரிசையாக நின்று, குதிகாலை அழுத்தி, மிதித்த இடத்தை ஒட்டியே அடுத்த மிதி. ஒரு விரற்கடை இடம்கூட விடுபடக் கூடாது. களிமண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றும் மிகைநீரும் பிதுங்கி வெளியேறும். காயவிட்டு மறுபடியும் மிதிப்பார்கள். கடைசியில் ஆள் நடந்தாலும் தடம் பதியாத அளவுக்குத் தரை இறுகிவிடும்.

இத்தனை பாடும் எதற்கென்று கணக்குப் போட்டால் புரியும். தளர்வான மணலில் தண்ணீர் ஒரு நாளில் பல மீட்டர் கீழே இறங்கிவிடும். நன்றாக இறுக்கிய களிமண்ணில் அதே ஒரு நாளில் அது இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். வெயில் ஒரு நாளில் பாத்தியிலிருந்து சில மில்லிமீட்டர் தண்ணீரை உறிஞ்சுகிறது. கீழே ஒழுகுவது அதைவிடக் குறைவாக இருந்தால்தான் உப்பு விளையும். அதிகமானால் மோட்டார் ஓட்டிய காசு மண்ணுக்குள் போகும். உப்புநீரில் இருக்கும் சோடியமும் இதற்குக் கைகொடுக்கிறது. மழைநீர் உப்பைக் கழுவும்போது, களிமண்ணில் தங்கிய சோடியம் அதன் கட்டிகளைப் பொடிப்பொடியாகப் பிரித்துவிட, அந்த நுண்துகள்கள் இடுக்குகளை அடைத்துக்கொள்கின்றன. விவசாயிக்கு நிலத்தைக் கெடுக்கும் அதே குணம் அளத்துக்காரருக்கு வரவு. பாத்தியின் அடியில் படரும் பாசிப்படலமும் தன் பங்குக்குத் துளைகளை மூடுகிறது.

தரை தயாரான பின் கழியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உப்புநீர் பாத்தி பாத்தியாக ஏற்றப்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு ஜிப்சம். தண்ணீர் முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறுகும்போதுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு மணி கட்டத் தொடங்கும். எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கும். அது எளிதில் காயாது, அதனால் வெளியே திறந்துவிடுவார்கள். இந்த மெக்னீசியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுத் தரையில் அது மறுபடியும் வரும்.

உப்பளம் முழுவதும் ஒரே ஒரு விதியில் ஓடுகிறது. உப்பு தானாக எங்கும் போவதில்லை, தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. தண்ணீர் எந்த இடத்தில் ஆவியாகிக் கிளம்புகிறதோ, அந்த இடத்தில் உப்பை இறக்கி வைத்துவிடுகிறது. வீட்டுத் தரைக்கும் இதே விதிதான். வினைலுக்கு அடியில் எதைப் போடுவது என்ற கேள்வியின் உண்மையான பொருள், தண்ணீரை எங்கே ஆவியாக விடுவது, உப்பை எங்கே நிற்க வைப்பது என்பதுதான்.

இனி வீட்டுக்குள் வருவோம். காங்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் அதில் மேலே ஏறும். மேஸ்திரிகள் இதைத்தான் ஓதம் என்பார்கள். எவ்வளவு உயரம் ஏறும் என்பது துளையின் அளவைப் பொறுத்தது. துளையின் ஆரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். ஆரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மீட்டர். அதற்கும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கணக்குப்படி பதினைந்து மீட்டர்! சிமென்ட்டின் துளைகள் பல இதைவிடவும் நுண்ணியவை. அதாவது நான்கு அங்குலக் காங்கிரீட்டின் அடியில் ஈரம் தொட்டுக்கொண்டிருந்தால் அது மேல்பரப்புக்கு வந்தே தீரும். எவ்வளவு விரைவாக வருகிறது என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும்.

அந்தக் காலத்துச் சிமென்ட் தரையிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. ஏறிய ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் ஆவியாகும். தரையில் வெள்ளையாகப் பூத்த உப்பு காலையில் துடைக்கும் வாளித் தண்ணீரோடு வாசலுக்குப் போய்விடும். மூலையில் கொஞ்சம் பொரிந்திருக்கும், சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், பொங்கலுக்கு வெள்ளை அடித்தால் சரியாகிவிடும்.

வினைல் விரித்த அன்று அந்த ஆவியாதல் நின்றுவிடுகிறது. ஈரம் ஏறுவது மட்டும் நிற்பதில்லை. வினைலுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் காற்றின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டை நெருங்குகிறது. ஓராண்டு கழித்து சுவரோரம் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அடிப்புறத்தில் முத்து முத்தாக வேர்த்திருக்கும். பசை போட்டு ஒட்டியிருந்தால் பசை பிசுபிசுவென்று இளகி, விரலால் வழித்தால் சுருண்டு வரும். அடியில் பழைய நாளிதழ் பரப்பியிருந்தால் அது கருத்து, பூஞ்சை வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும். சுவரும் தரையும் சேரும் கோட்டில் மட்டும் பஞ்சு போல வெள்ளை உப்பு. அந்த ஓரத்தில்தான் ஈரத்துக்குக் காற்று கிடைத்தது, எனவே உப்பும் அங்கேதான் நின்றது. பலகை பலகையாகப் பூட்டும் வினைல் என்றால் இணைப்புக் கோடுகளிலும் இந்த வெள்ளை எட்டிப்பார்க்கும்.

பசை இளகுவதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. சிமென்ட்டின் துளைகளில் இருக்கும் நீர் கடும் காரம், பி.எச். 12, 13 வரை போகும். காங்கிரீட்டின் மேல்பரப்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து காலப்போக்கில் காரம் குறைந்துவிடுவதால் காய்ந்த தரையில் தொந்தரவு இல்லை. கீழிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருந்தால் அந்தக் காரத்தைத் திரும்பத் திரும்ப மேலே கொண்டுவரும். பல வினைல் பசைகள் அதைத் தாங்காமல் சிதைகின்றன. வளைந்து கொடுக்கும் வினைல் ஷீட்டிலும் கைவைக்கும்: பி.வி.சி.யை மெத்தென்று ஆக்குவதற்குச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் காரநீரில் உடைந்து 2-எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்கஹால் வெளிவரும். மூடிக் கிடந்த அறையைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் கனத்த வாடைக்கு இது ஒரு காரணம். ஸ்வீடன், ஃபின்லாந்து, ஜப்பான் நாடுகளில் ஈரக் காங்கிரீட்டின் மேல் வினைல் ஒட்டிய கட்டடங்களில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். குளிர்நாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. வெப்பம் கூடினால் இந்த வேதிவினை வேகமெடுக்கத்தான் செய்யும்.

வினைலும் உப்பிலிருந்து வந்ததுதான் என்பது இதில் ஒரு வேடிக்கை. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 57 விழுக்காடு, குளோரின். அந்தக் குளோரின் உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுக்கப்படுவது. மேட்டூரில் பி.வி.சி. தயாரிக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனத்துக்கு வேதாரண்யத்தில் உப்பளங்களே இருக்கின்றன.

உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. தரைக்கு அடியில் ஓதமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டும்போது கடற்கரை மணலைக் கொட்டி பேஸ்மட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள், அல்லது உவர்நீரில் கலவை போட்டிருக்கிறார்கள். அந்தத் தரையும் காயாது. சோடியம் குளோரைடுக்கு ஓர் எல்லை உண்டு: சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். சமையலறையில் மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை வெறும் 33 விழுக்காடு. இந்தக் கரையில் நடுப்பகலில்கூடக் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம். ஆகவே சுத்திகரிக்காத கடலுப்பு ஏறிய சுவரும் தரையும் கோடையிலும் கை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். இரவில் கரைந்து பகலில் மணி கட்டும் உப்பு, துளைகளுக்குள் விரிந்து விரிந்து சிமென்ட்டைப் பொரியச் செய்யும். கீழே எத்தனை பிளாஸ்டிக் போட்டாலும், ஏற்கெனவே காங்கிரீட்டுக்குள் குடியேறிய உப்பை அது ஒன்றும் செய்யாது.

இதனால் அளவிடுவதிலும் ஒரு சிக்கல். இரண்டு ஊசிகளைத் தரையில் வைத்து ஈரம் காட்டும் கைக்கருவியைச் சிலர் கொண்டுவருவார்கள். அது அளப்பது மின்கடத்தலை. உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்திலேயே மின்சாரம் தாராளமாகப் பாயும், கருவி அலறும். உப்பள ஓரத்தில் அதன் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.

அதைவிட எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமாக நல்ல கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டித் தரையில் விடுங்கள். வெயில் படாத இடமாகப் பார்த்து, அறையின் நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று. குறைந்தது 16 மணி நேரம். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த முறை இது. பிரிக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் துளி இல்லை என்பதை வைத்துத் தரை காய்ந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். தரையும் காற்றும் ஒரே சூட்டில் இருக்கும் நாளில் துளி கட்டாமல் போகலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் டிசம்பரில் ஒரு முறை பார்த்தால் நம்பலாம்.

இன்னும் துல்லியம் வேண்டுவோர் காங்கிரீட்டின் தடிமனில் நாற்பது விழுக்காடு ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே சென்சார் வைத்து, ஒரு நாள் கழித்து ஈரப்பதம் பார்ப்பார்கள். பல பசைகளுக்கு 75 முதல் 85 விழுக்காடுதான் வரம்பு. மலிவான ஈரப்பதமானி வாங்கியிருந்தால் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் உப்பே போதும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம். ஆய்வகங்களிலும் இந்த உப்பு வித்தைதான் நடக்கிறது. கல் உப்பு வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வரலாம். ஃபோம் தடிமனாக இருந்தால் கால் மெத்தென்று இருக்கும், நல்லதுதானே என்று தோன்றும். லேமினேட் மரப்பலகைக்கு 3 மி.மீ. ஃபோம் போடுவதைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணம் இது. வினைல் பலகை அதைவிட மெல்லியது. ஒன்றோடொன்று பூட்டும் நாக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அடியில் இருப்பது அமுங்க அமுங்க, ஒவ்வொரு காலடிக்கும் அந்த நாக்கு மடங்கி நிமிர்கிறது. பீரோவின் கால் ஓரிடத்தில் அமுங்கி நிற்க, பக்கத்துப் பலகை எழும்புகிறது. ஒரு நாள் நாக்கு முறிந்து இடைவெளி விழும், அதன்பின் துடைக்கும் தண்ணீர் மேலிருந்தும் உள்ளே போகும். அதனால் பூட்டும் வினைலுக்கு 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில், அழுத்தினால் லேசில் அமுங்காத அடர்த்தியான அடிவிரிப்புதான் பொருத்தம். ஐ.எக்ஸ்.பி.இ. என்று விற்கப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலித்தீன் ஃபோம் இந்த வகை. அதன் குமிழ்கள் மூடியவை என்பதால் தண்ணீர் குடிக்காது. எஸ்.பி.சி. என்று விற்கப்படும், கல்தூள் கலந்த கடின வினைல் பலகைகள் பலவற்றில் இது தொழிற்சாலையிலேயே அடியில் ஒட்டி வருகிறது; அப்படி வந்தால் மேற்கொண்டு ஃபோம் போடவே கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தக்கையும் சணல் ஃபெல்ட்டும் மாடியில் சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஓதத் தரையில் பூஞ்சைக்கு விருந்தாகும். ரப்பர் பாய் வேண்டவே வேண்டாம். ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருட்கள் வினைலுக்குள் ஊடுருவி, மேலே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நாளிதழ் பரப்புவது நம் ஊர் வழக்கம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதைத் தவிர அதனால் பயன் இல்லை. பழைய ஃபிளெக்ஸ் பேனரை மடக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அது நாளிதழை விடத் தேவலை. ஆனால் ஃபிளெக்ஸும் மென்பி.வி.சி. தான், சாதாரணப் பாலித்தீனைவிட நீராவியை அதிகம் விடும். தலைவர் முகத்தின் மேல் நடக்கிறோமே என்ற சங்கடம் தனி.

ஓதத்தைத் தடுப்பது ஃபோம் இல்லை, பாலித்தீன். தார்ப்பாய்க் கடையில் எடைக்கு விற்கும் ஷீட்டில் 150 மைக்ரானுக்குக் குறையாததைக் கேளுங்கள். 200, 250 என்றால் கிழியாமல் இருக்கும். தரையைப் பெருக்கிக் கூரான சிமென்ட் முனைகளைத் தேய்த்துவிட்டு விரிக்க வேண்டும். கிழிசல் விழுந்தால் ஈரம் அந்த வழியாக ஏறும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் எட்டு அங்குலம் மேலடுக்கி டேப் ஒட்டி, சுவரோரம் இரண்டு அங்குலம் மேலேற்றி ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் முடிக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் பலகை, சுவரோரம் ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெயில் விழும் அறையில் ஐந்து மீட்டர் நீள பி.வி.சி. இருபது டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் வரை நீளும் என்பதால் அந்த இடைவெளி.

இப்படிச் செய்தால் பலகை பிழைத்துக்கொள்ளும். தரையில் ஏறிய ஈரம்? அது பாலித்தீனுக்கு அடியில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, சுவரில் ஏறும். முன்பு அறை முழுக்கப் பரவி ஆவியானது இப்போது சுவரின் கீழ் ஓரடியில் ஆவியாக வேண்டியிருக்கிறது. எனவே உப்பும் அங்கே நிற்கும். வினைல் போட்ட பிறகு சுவர் பொரிய ஆரம்பித்ததே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தச் சுவரில் சிமென்ட் பூச்சும் எனாமலும் அடித்து அதையும் மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். கீழ்ப்பகுதியைச் சுண்ணாம்புப் பூச்சில் விட்டு, உதிர்வதை உதிரவிட்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை பூசிக்கொள்வது புத்திசாலித்தனம். உப்பு நிற்பதற்கு ஓர் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்; விலை குறைந்த இடமாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிக்கு மேல் இல்லை, காங்கிரீட் போடுவதற்கு முன்பே யோசித்தால். பாலித்தீன் இருக்க வேண்டிய இயல்பான இடம் காங்கிரீட்டின் அடி. அதற்கும் கீழே நாலு அங்குலம் 40 மி.மீ. கருங்கல் ஜல்லி, தூசி சலித்தது. ஜல்லிக் கற்களுக்கு இடையே உள்ள சந்தின் ஆரம் நாலைந்து மில்லிமீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அதில் தண்ணீர் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் ஏற முடியும். இத்தனை மலிவான ஓதத்தடுப்பு வேறு கிடையாது. இதைச் செய்யாமல் பேஸ்மட்டத்தைக் கடல்மணலால் நிரப்பிவிட்டு, பிறகு விலையுயர்ந்த எபாக்சி பூச்சுக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கலவைத் தண்ணீரிலும் கண் வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கம்பி இல்லாததற்கு 2,000 வரை பொறுக்கும். கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. அளத்துக்குப் பக்கத்துக் கிணறு இந்த எண்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்பதைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கலாம்.

பழைய வீட்டின் தரைத்தளத்துக்கு என்னைக் கேட்டால், பாலித்தீன் சோதனையில் துளி கட்டிய தரையில் வினைலை ஒட்ட வேண்டாம் என்பேன். டைல்ஸ் போடுங்கள், அதன் இணைப்புகளில் கொஞ்சமாவது மூச்சு விடும், காரத்துக்கும் அஞ்சாது. வினைல்தான் வேண்டும் என்றால் ஒட்டாமல் விரிக்கும் ஷீட்டாக வாங்கி, மழைக்காலம் முடிந்ததும் சுருட்டித் தரையைக் காயவைத்து, பூத்த உப்பைத் துடைத்துவிட்டு மறுபடி விரித்துக்கொள்ளலாம். விலை குறைந்த இந்தப் பழைய பழக்கம், பசை போட்டு ஒட்டிய உயர்ரக வினைலைவிட இந்த மண்ணில் அதிக நாள் தாங்கும். மாடிக்கு ஓதம் ஏறாது, அங்கே எஸ்.பி.சி. பலகையும் மெல்லிய ஐ.எக்ஸ்.பி.இ.யும் தாராளமாகப் போடலாம். கீழ்வீட்டுக்கு நாற்காலி இழுக்கும் சத்தமும் குறையும்.

பெட்டியின்மேல் வாட்டர்புரூஃப் என்று அச்சிட்டிருப்பது பலகைக்குத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பலகை ஊறாது. ஆனால் அதன் அடியில் புகுந்த நீர், மேலே வினைலும் கீழே பாலித்தீனும் இருப்பதால், போக வழியின்றி மாதக்கணக்கில் நிற்கும். பலகைகளைச் சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எழுதி அடுக்கி வைத்துவிட்டு, ஃபோமையும் பாலித்தீனையும் எடுத்து வெளியே போடுங்கள். வந்தது கடலோ கழியோ என்றால் அவசரப்பட்டு ஃபேன் போட்டுக் காயவைக்கக் கூடாது. காய்ந்தால் அந்த நீரிலிருந்த உப்பு முழுவதும் காங்கிரீட்டின் மேல்தோலில் தங்கிவிடும். ஈரம் இருக்கும்போதே நல்ல தண்ணீர் ஊற்றி, தேய்த்துக் கழுவி, வழித்து வெளியேற்ற வேண்டும். இரண்டு மூன்று முறையாவது செய்யுங்கள், கடைசி வாளி நீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, தரை காய்ந்தபின் வெள்ளை பூக்கிறதா என்று பார்த்தால் போதும். பூத்தால் இன்னொரு கழுவல். அது நின்ற பிறகு பாலித்தீன் சோதனை, அதற்குப் பிறகு புது ஷீட், புது ஃபோம். பழைய பலகைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பூட்டு நாக்குகளில் மணல் இல்லாமல் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டால் அதே வரிசையில் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.